மைக்ரோவேவ் மாடத்து மாதா

பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தபடி சமையலறைக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே புகை மூட்டமாக இருந்தது.

"தூபம் யாருப்பா போட்டது? நான் தூபக்கால் கொண்டாரலியே!" என்று சந்தோஷமாக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு இருமலாகத் திரும்பி வந்தது.

புகை வந்தது சுவரோடு நின்ற உயரமான மர அலமாரியிலிருந்து. அலமாரியின் மேல்பாதியில் ஒரு பெரிய பொந்து. பொந்துக்குள் புத்தம்புது மைக்ரோவேவ். அதற்குள் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கேசரி. புதுவீட்டு மந்திரிப்புக்கு வந்தவர்களுக்குக் கேசரியைச் சுடச்சுடக் கொடுத்து அசத்த வேண்டும் என்று அதை உள்ளே வைத்து, கண்ணில் பட்ட பொத்தான்களை எல்லாம் மரியாதைக்கு ஒரு தடவை அழுத்திவிட்டு, வாசலில் போய் விருந்தாளிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர் வேறு யாருமல்ல, வீட்டுக்காரர் சகாயராஜ்தான்.

யாரோ கத்தியதும் ஓடி வந்தார். விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் அரசுப் பேருந்து கண்டக்டர் அவர். ஆபத்து என்றால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், விசிலை எடுக்கும். எடுத்தார், ஊதினார். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும். பதற்றத்தில் இரண்டு ஊதிவிட்டார். இரண்டு விசிலுக்கு வண்டி கிளம்பும். மைக்ரோவேவும் அரசு உத்தரவுக்குக் கட்டுப்பட்டதுபோல் இன்னும் கொஞ்சம் உறுமியது. பொந்தைச் சுற்றி ஒட்டியிருந்த மைக்கா அப்பளம் மாதிரி உப்பி, படீரென்று உரிந்து, சாமியாரின் தீர்த்தச் செம்புக்குள் ஒரு துண்டு போய் விழுந்தது.

சுவிட்சை அணைத்தது சகாயராஜின் மனைவி அன்புச்செல்வி. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், பதறாத கை. ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியைப் போட்டாள், சாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தாள், குண்டானில் மிச்சமிருந்த கேசரியை அடுப்பில் சூடாக்கி எல்லோருக்கும் பரிமாறினாள். புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் திட்டு முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிடலாம். திட்டாத பெண்டாட்டியை எந்த ஸ்டாப்பிங்கில் இறக்கிவிடுவது?

பழி முழுக்கத் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த மைக்ரோவேவ் மேடைமேல் வைக்கிற ரகம். அதற்கு நாலு பக்கமும் காற்று வேண்டும். அலமாரிக்குள் பொருத்துவதற்கென்று பில்ட்-இன் என்று தனி ரகம் இருக்கிறது, அது மூச்சு விடுகிற வழியே வேறு. அன்புச்செல்வியின் தம்பி தென்னரசு திண்டிவனத்தில் மாடுலர் கிச்சன் கடை வைத்திருக்கிறான். அலமாரியைச் செய்தவனும் அவன்தான். "மாமா, பில்ட்-இன்னே வாங்கிக்கலாம்" என்று அவன் சொல்லத்தான் செய்தான். ஆனால் தள்ளுபடியில் கிடைத்ததைத் தோளில் தூக்கிவந்த சகாயராஜுக்கு, இடம் இல்லை என்கிற வார்த்தையே பழக்கமில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் கூட்டத்தையே "உள்ள போங்க, உள்ள எடம் இருக்குது, படிய வுட்டு மேல ஏறுங்க" என்று ஒரே வண்டிக்குள் திணித்தவர் அவர். மைக்ரோவேவையும் அப்படியே முட்டியால் ஒரு அழுத்து அழுத்தி உள்ளே ஏற்றினார். ஈ நுழைய இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவர் வண்டியிலாவது ஜன்னல் இருக்கிறது.

பொந்தின் உயரத்தைக் குறித்துக் கொடுத்ததும் அவர்தான். சகாயராஜ் நெட்டை ஆள். பேருந்தின் கூரைக்குப் பயந்து கழுத்தை மடக்கி மடக்கி, இறங்கி நடக்கும்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலவே நடப்பார். "சொந்த வீட்லயாவது குனியாம இருக்கணும்டா மச்சான்" என்று அலமாரி முன்னால் விறைப்பாக நின்று, கண்ணுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். "இங்க. நின்ன வாக்குல உள்ள பாக்கணும்."

"அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா மாமா?"

"அவளுக்கும் இதே ஆசதான்டா. எழுது."

அன்புச்செல்விக்கு இருந்த ஆசை உண்மையில் சின்னது. வாடகை வீடுகளிலேயே காலம் ஓடி, கடன் வாங்கி விழுப்புரத்துக்கு வெளியே ஒரு வீடு கட்டியபோது, அதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "டூட்டி முடிஞ்சு வந்தா அடுப்புகிட்ட நிக்க முடியலங்க. சோறு சூடா இருந்தா போதும்." அவள் வருகிற நேரத்தில் சகாயராஜ் விக்கிரவாண்டியிலோ கூட்டேரிப்பட்டிலோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். சூடாக்கிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அதற்குத்தான் மைக்ரோவேவ்.

இப்போது அது செத்துக் கிடந்தது. அன்புச்செல்வி டூட்டி முடிந்து வந்து, மேலே ஆடை கட்டிய குழம்பை ஆறின சோற்றில் ஊற்றிச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். விடுப்பில் இருந்த ஒருநாள் சகாயராஜ் அதைப் பார்த்தார்.

"செல்வி, இந்தவாட்டி பில்ட்-இன்னே வாங்கிடலாம். நீயே சொல்லு, எது வேணும்?"

"எதுனா வாங்குங்க."

அன்றிலிருந்து அதுதான் பதில். எதுனா வாங்குங்க. உங்க இஷ்டம். பாத்து செய்ங்க.

இதற்கிடையில் பொந்து சும்மா இருக்கவில்லை. தென்னரசு வந்து கருகினதைச் சுரண்டி, பில்ட்-இன் அளவுக்குப் பொந்தைச் சரிசெய்து, புது மைக்கா ஒட்டி, வெறுமையாகத் தெரியக் கூடாது என்று உள்ளே ஒரு மஞ்சள் விளக்குப் பட்டையும் ஒட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் அன்புச்செல்வியின் அக்கா லூர்துமேரி திண்டிவனத்திலிருந்து தங்கையைப் பார்க்க வந்தாள். வந்தவள் வெளிச்சமாக, வெறுமையாக இருந்த பொந்தைப் பார்த்தாள்.

"தம்பி, மந்திரிச்ச வூட்ல வெறும் ஓட்டைய வெச்சிக்கினு இருக்கக் கூடாது. நல்லதில்ல" என்று கூடத்திலிருந்த வேளாங்கண்ணி மாதா சுரூபத்தைத் தூக்கிவரச் சொல்லி அதில் வைத்தாள். நின்று பார்த்தாள். கண் கலங்கியது. "அப்பிடியே கோயில்ல மாதா நிக்கற கெபி மாதிரி இருக்குதும்மா!"

பொய் சொல்லக் கூடாது, இருந்தது. உயரம், விளக்கு, ஆழம், எல்லாம் அளந்து செய்ததுபோல் மாதாவுக்குப் பொருந்தியது. காற்றுக்கும் இடம் இருந்தது.

"மைக்ரோவேவ் வர்ற வரிக்கும் இருக்கட்டும் அண்ணி" என்றார் சகாயராஜ்.

"அப்புறமும் இருக்கட்டுமே" என்றாள் அன்புச்செல்வி. ரொம்ப நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த சொந்தக் கருத்து அது. சகாயராஜ் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் காப்பித்தூள் கடன் கேட்க வந்தவள் மாதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மருமகன் கோபித்துக்கொண்டு திருவெண்ணெய்நல்லூருக்குப் போய் மாசக்கணக்கில் ஆகியிருந்தது. மறுநாள் காலை முதல் பேருந்தில் பையோடு வந்து இறங்கினான். கெங்கம்மாள் கதம்பமும் ஊதுபத்தியுமாக ஓடி வந்தாள்.

"ஆத்தா கண்ண தொறந்துட்டாய்யா! உங்க வூட்டு அலமாரி ஆத்தா!"

தெரு முழுக்கச் செய்தி போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை சொல்லச் சமையலறையிலேயே பெண்கள் கூடினார்கள். டூட்டி முடித்துப் பசியோடு வந்த சகாயராஜ், தன் வீட்டு அடுப்படிக்குள் நுழையக் கூட்டத்தை விலக்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் "கொஞ்சம் உள்ள போங்கம்மா" என்றார். ஜெபமாலை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டார். "சாமி, மாதாவ எடுத்துட்டு அங்க மைக்ரோவேவ் வெக்கலாமா?"

சாமியார் நெற்றியைத் தடவினார். "மாதா எங்க இருந்தாலும் மாதாதாம்பா."

"அப்ப எடுக்கலாமா?"

"எடுக்கலாம்னு நான் சொல்லல."

"அப்ப எடுக்கக் கூடாதா?"

"கூடாதுன்னும் சொல்லல. ஜெபம் பண்ணு. உனக்கே தெரியும்." சொல்லிவிட்டு, "பொக எதுவும் இப்ப வரலியே?" என்று மட்டும் விசாரித்தார்.

ஜெபம் பண்ணினார். தெரியவில்லை. சரி, பொருளை முதலில் தேர்ந்தெடுப்போம், இடத்தைப் பிறகு மாதா பார்த்துக்கொள்வாள் என்று, அன்புச்செல்விக்கு விடுப்பு கிடைத்த ஒரு நாளில் விழுப்புரத்தில் இருக்கிற பெரிய கடை ஒன்றுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு சுவர் முழுக்க மைக்ரோவேவ்கள், அடுக்கடுக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றன. டை கட்டிய விற்பனைப் பையன் ஓடி வந்தான்.

"சொல்லுங்க சார், சோலோவா, கிரில்லா, கன்வெக்ஷனா?"

"எது நல்லது தம்பி?"

"உங்க யூஸ பொறுத்தது சார்."

"சோறு சூடு பண்ணணும்."

"சூப்பர் சார். இதுல பாருங்க, தந்தூரி சிக்கன், பீட்சா, கேக்கு, நெய் காச்சறது, தயிர் ஒற ஊத்தறது எல்லாமே ஆட்டோ மெனு. பட்டன அமுக்கினா அதுவே பாத்துக்கும்."

"சோறு?"

"பிரியாணியே வரும் சார்."

"பிரியாணி அவளே செய்வாப்பா. செஞ்சு வெச்ச சோத்த சூடு பண்ணுமா?"

"இதுல இன்வெர்ட்டர் டெக்னாலஜி இருக்குது சார்."

சகாயராஜ் பெருமூச்சு விட்டார். விழுப்புரத்துக்கு டிக்கெட் கேட்டால் அவர் மெட்ராஸ் வரலாறு சொல்வதில்லை. "சரி, கதவு?" என்று கேட்டார். கதவிலும் ரகம் இருந்தது. ஒன்று பக்கவாட்டில் அலமாரிக் கதவு மாதிரித் திறந்தது. இன்னொன்று லாரியின் பின்கதவு மாதிரிக் கீழ்நோக்கி விழுந்தது.

"எது சவுகரியம்?"

"அது கஸ்டமர் கம்ஃபோர்ட்ட பொறுத்தது சார்."

கஸ்டமர் கம்ஃபோர்ட்டைத் திரும்பிப் பார்த்தார் சகாயராஜ். கண்ணுக்கு நேரே ஜொலித்துக்கொண்டிருந்த உயர்ந்த ரகங்களை விட்டுவிட்டு அவள் கீழ்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், நின்று நின்று கால் வலிக்கிறது போல, தலை தொங்கிவிட்டது என்று நினைத்தார். "தம்பி, ஒரு சேர் போடு" என்றார். உட்கார்ந்தும் அவள் கீழேயே பார்த்தாள்.

"செல்வி, எது?"

"எதுனா வாங்குங்க. எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போனார். துணிக்கொடி மறுபடியும் தொய்ந்து தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. இது எத்தனையாவது முறை! கடையில் நல்ல நைலான் கயிறு என்றுதான் கொடுத்தான். சகாயராஜ் அவிழ்த்து, விறைக்க இழுத்து, தன் தலைக்கு மேலே முடிச்சுப் போட்டார். வீட்டில் தன்னால் உருப்படியாக ஒரு வேலையாவது நடக்கிறதே என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பேருந்தில் டிரைவர் அரங்கநாதனிடம் விஷயத்தைச் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் கண்டக்டர் குரலில் தாழ்ந்தது என்று ஒன்று கிடையாது. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் வண்டி முழுக்க மைக்ரோவேவ் பேச்சாகிவிட்டது.

"அதுல வெச்சா சத்து பூட்டுமாமே?" என்றார் முன் சீட்டுப் பெரியவர்.

"உனக்கு என்னா சத்து இருக்குது பெரிசு, போறதுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கிரில்லு வெச்சது எடுங்கண்ணா. கோழி செமயா வரும்."

மடியில் வேர்க்கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். "மல்லாட்டை வறுபடுமா அதுல?"

"வறுபடும்மா."

"அப்பறம் என்னாத்துக்கு யோசிக்கிற? எடுத்துப் போடு."

"எங்க வூட்ல ஒண்ணு இருக்குது கண்டக்டரு" என்றார் விக்கிரவாண்டியில் ஏறிய ஒருவர். "நல்ல பொருளு. எறும்பு வராம முறுக்கு வெச்சிக்கினு இருக்கறோம்."

இந்தப் பேருந்தின் குணம் அது. போன வருஷம் சகாயராஜ் குதிகால் வலிக்கிறது என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னார். அந்த வாரமே ஏறுகிறவர்கள் எல்லாம் ஊருக்கு ஒரு தைலமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி இவர் காலில் எருக்கிலையைக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். அந்தத் தைலப் பாட்டில்கள் இன்னமும் அலமாரியில், பொந்துக்குக் கீழே இருக்கிற பெரிய இழுப்பறையில், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்த இழுப்பறைக்கு 'டூல்ஸ்' என்று சகாயராஜ் பெயர் வைத்திருந்தார். டூல் என்று பார்த்தால் அதில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த அரங்கநாதன் கடைசியில் வாய் திறந்தார். "பொண்டாட்டி கேக்கறத வாங்குய்யா."

"அவ எதுவும் கேக்கலியே."

"அப்ப தப்பு உன்னுதுதான்."

"இன்னா தப்புன்னு சொல்லு, திருத்திக்கிறேன்."

அரங்கநாதன் நீளமாக ஹார்ன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

திண்டிவனத்தில் வண்டி திரும்புவதற்குள் கிடைத்த இடைவேளையில் தென்னரசுவின் கடைக்கு ஓடினார் சகாயராஜ். மச்சான் டீ வரவழைத்தான். படம் போட்ட புத்தகங்களைப் பரப்பினான். எந்த ரகத்தைக் காட்டினாலும் "நல்லதுதான் மாமா" என்றான்.

"ஏன்டா, எல்லாமே நல்லதுன்னா எதுக்குடா இத்தினி செய்யறானுங்க? அக்காக்கு எது புடிக்கும்? உனக்குத் தெரியும்ல?"

தென்னரசு டீயை ஊதினான். ஆறிப்போன டீ அது.

"அக்கா... ஒயரம் பத்தி எதுனா சொன்னாங்களா மாமா?"

"ஒயரமா? என்னா ஒயரம்?"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்."

"என்னடா சும்மா? சொல்றா."

"நீங்க அக்காவையே கேளுங்க. நான் சொன்னா அக்கா என்னிய சும்மா வுடாது." சொல்லிவிட்டு, வராத போனை எடுத்துக் காதில் வைத்து "ஆங், சொல்லுங்க சார்" என்று உள்ளே போய்விட்டான்.

அக்காவும் தம்பியும் தனக்குத் தெரியாமல் ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் சகாயராஜுக்குப் புரிந்தது. திரும்புகிற வழி முழுக்க, கூட்டேரிப்பட்டில் நாலைந்து பேருக்குச் சில்லறையை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்குகிற அளவுக்கு, அவர் யோசித்தார். ஒயரம் என்றால் என்ன? மைக்ரோவேவின் உயரமா? மாதாவின் உயரமா? நெட்டையாக இருக்கிற தன்மேல் அவளுக்கு இத்தனை வருஷம் கழித்து ஏதாவது குறையா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அன்புச்செல்வி காலை டூட்டி முடித்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் கொடி மறுபடி தொய்ந்திருந்தது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. இன்றைக்கு இதை முடித்துவிடுவது என்று வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டால்தானே எதுனா என்கிறாள்? கேட்கவே போவதில்லை. செய்து பார்த்துவிடலாம்.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, தட்டால் மூடி, "மன்னிச்சிக்கோம்மா" என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, பொந்துக்குள் அவள் காலடியில் வைத்தார்.

"செல்வி, இங்க வா. இது மைக்ரோவேவுன்னு வெச்சிக்கோ."

"மாதாவையா?"

"அய்யோ, பொந்த. உள்ள இருக்கறது கொதிக்கிற கொழம்பு. நீ டூட்டி முடிஞ்சு வர்ற. பசி. கதவ தொறந்து கொழம்ப எடு. பக்கவாட்டுக் கதவு சவுகரியமா, கீழ வுழற கதவு சவுகரியமான்னு ரெண்டுத்துல ஒண்ணு இப்ப தெரிஞ்சிரும்."

"வெளையாடாதீங்க. வேல இருக்குது."

"ஒரே ஒரு வாட்டி. எனக்காக."

அவள் மடித்த புடவையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து அலமாரி முன்னால் நின்றாள். அண்ணாந்து மாதாவைப் பார்த்தாள். பிறகு இடதுகையைத் தூக்கினாள். அது கிண்ணத்தின் அடியைத் தொட்டது. வலதுகையையும் தூக்கினாள். அது மார்புவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தாள். நுனிக்காலில் எழும்பினாள். ஒற்றைக் கையில் கிண்ணம் சாய்ந்து, தட்டு நழுவி, தண்ணீர் அவள் முகத்திலும் கழுத்திலும் கொட்டியது.

சகாயராஜ் அசையாமல் நின்றார். அது பச்சைத் தண்ணீர்தான். ஆனால் அவர்தான் அதைக் கொதிக்கிற குழம்பு என்று சொல்லியிருந்தார்.

அன்புச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு எட்டாதுங்க" என்றாள்.

தட்டு தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

"கைக்கு என்னா?"

"தோள் புடிச்சிக்கிச்சு. பேஷண்ட்டத் தூக்கித் தூக்கி. மேல போவ மாட்டேங்குது."

"எப்பலருந்து?"

"நீங்க அந்தக் கொடிய இழுத்து இழுத்துக் கட்றீங்களே, அதுக்கும் முன்னலருந்து. நான் நாற்காலி போட்டு ஏறி ஒத்தக் கையால அவுத்துக் கீழ கட்டுவேன். நீங்க வந்து மேல கட்டுவீங்க."

சகாயராஜ் கொல்லைப்பக்கம் பார்த்தார். அந்தக் கயிறு விற்ற கடைக்காரனை எவ்வளவு திட்டியிருக்கிறார்!

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"பொந்து போட்ட அன்னிக்கு நான் டூட்டில இருந்தேன். வந்து பாத்தா நீங்க அது முன்னாடி நிமிந்து நின்னுக்கினு சிரிக்கறீங்க. நீங்க குனியாம நின்னு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். எப்பிடி சொல்றது? சரி, மந்திரிப்பு முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பொக வந்துருச்சு. மூஞ்சி அப்பிடி ஆயிப் போச்சு உங்களுக்கு. அதுமேல இதையும் சொல்லணுமா?"

"தோள் வலிய சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? நாளைக்குக் காத்தால கூட்டேரிப்பட்டுல இருந்து எருக்கிலை வரும். விக்கிரவாண்டில இருந்து தைலம் வரும். பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாம் என் தோளப் பத்திப் பேசிக்கினு போவாங்க."

சகாயராஜ் வாயைத் திறந்தார். முன் சீட்டுப் பெரியவருக்கு இதே மாதிரித் தோள் இருந்ததும், அவர் திருவாமாத்தூர் பக்கம் யாரிடமோ காட்டிக் குணமானதும் நாக்கு நுனிவரை வந்திருந்தது. மூடிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். பயிற்சி சொல்லியிருக்காங்க. செய்யறேன். ஆவும், லேட் ஆவும்."

"தென்னரசுக்குத் தெரியுமா?"

"தெரியும். வாய தொறந்தா வூட்டுப்பக்கம் வராதன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சகாயராஜ் கீழே குனிந்து தட்டை எடுத்தார். குனிந்தவர் நிமிரவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகுதான் அவர் முகம் அவள் முகத்துக்குக் கீழே வந்தது. அங்கிருந்து பார்த்தால் பொந்து எவ்வளவு மேலே இருந்தது! கூரைக்குப் பக்கத்தில், கண்டக்டர் மட்டும் எட்டிப் பார்க்கிற இடத்தில்.

"எல்லாரையும் கேட்டேன் செல்வி. சாமியார கேட்டேன், கடைக்காரன கேட்டேன், பஸ்ஸு முழுக்கக் கேட்டேன்."

"தெரியும். கெங்கம்மா மருமவன் இன்னிக்கு உங்க பஸ்லதான் வந்தானாம். மல்லாட்டை வறுபடுமான்னு அவன் வந்து என்னக் கேக்கறான்."

அவள் சிரித்தாள். மந்திரிப்புக்குப் பிறகு முதல் சிரிப்பு. ஈரத் தலையோடு அவளும் எதிரே உட்கார்ந்தாள். மேலே மஞ்சள் விளக்கில் மாதா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி அவளை அங்கிருந்து எடுக்கத் தேவையில்லை. கும்பிடுவதற்கு அண்ணாந்து பார்த்தால் போதும், கையை மேலே தூக்க வேண்டியதில்லை.

"சரி, இப்பவாச்சும் சொல்லு" என்றார் சகாயராஜ், பயந்துகொண்டே. "எது வேணும்? எங்க வேணும்?"

அன்புச்செல்வி பக்கத்திலிருந்த 'டூல்ஸ்' இழுப்பறையை இடதுகையால் வெளியே இழுத்தாள். தைலப் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக் கணகணத்தன. அவள் எழுந்து நின்று, வலதுகையை வலிக்காத அளவுக்கு மட்டும் நீட்டி, இழுப்பறையின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். தோள் அசையவே இல்லை.

"கிரில்லு வேணாம். பீட்சா வேணாம். சோறு சூடாவணும். கதவு பக்கவாட்டுல தொறக்கணும். இதக் காலி பண்ணிட்டு, இங்க வைங்க."